இருவாச்சியும் திறக்காத கதவும்

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது நடந்த காலத்தில் ஒரு காடு என்று தனியாக எதுவும் கிடையாது. பக்கம் பக்கமாக இருந்த ஆறு காடுகள் கூடிப் பேசி ஒன்றியமாகிவிட்டன. எல்லை முள்வேலிகளைப் பிடுங்கி ஆற்றில் விட்டாயிற்று. இனி எந்தக் காட்டுப் பிராணியும் எந்தக் காட்டுச் சாமானையும் வாங்கலாம். வாங்கியதில் குறை இருந்தால் நியாயம் கேட்கலாம். அந்த நியாயம் ஆறு காட்டிலும் செல்லும். இதையெல்லாம் பெரிய பலகைகளில் எழுதி ஒவ்வொரு காட்டு வாசலிலும் மாட்டினார்கள். பாம்புகள் படிக்கட்டும் என்று ஒரு பலகையைத் தரையில் படுக்கப்போட்டார்கள். மறுநாளே அதைக் காட்டெருமைக் கூட்டம் மிதித்து நொறுக்கியது. அப்படி நொறுக்கினாலும் நியாயம் கேட்கலாம் என்று அந்தப் பலகையிலேயே எழுதியிருந்தது.

அந்த ஆறில் ஒன்று கருமலைக் காடு. அங்கே அலகேசன் என்ற இருவாச்சிப் பறவை இருந்தான். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு, பறந்தால் ரயில் போகிற சத்தம். பார்க்கிறவர்கள் வக்கீல் என்று நினைப்பார்கள். வக்கீல் இல்லை. ஆனால் பலகையில் இருந்ததை எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தான். அத்திப்பழம் தின்ன வந்த இடத்தில் அவன் "பிரிவு நாலு என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தால், மற்ற பறவைகள் பழத்தை விழுங்காமலே அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

அவன் மனைவி மயிலாத்தாள் பலகையைப் படித்ததில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க படிச்சுட்டீங்கல்ல" என்பாள்.

இருவாச்சிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், சேற்றையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசிக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல். மூன்று நாலு மாதம் ஆண் பறவை அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். குஞ்சு வளர்ந்த பிறகு தாய் பூச்சைக் கொத்தி உதிர்த்துவிட்டு வெளியே வரும். எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. யாரும் எந்தப் புகாரும் சொன்னதில்லை.

புகாருக்கு இடமே இல்லாத வாழ்க்கை அலகேசனுக்கு ஒரு வாழ்க்கையாகத் தோன்றவில்லை. அந்த மாசி மாதம் காற்றில் ஒரு விளம்பர இலை பறந்துவந்து அவன் அலகில் ஒட்டிக்கொண்டது.

'கொத்தலிங்கம் ரெடிமேட் கதவுகள், வெள்ளாற்றுக் காடு. ஒன்றியமெங்கும் டெலிவரி. சேறு வேண்டாம், எச்சம் வேண்டாம், வாசனை அறவே கிடையாது. உள்ளிருந்து ஒரே தட்டு, படாரென்று திறக்கும்.'

"அம்மணி, இங்க பாரு. வெளிக்காட்டுச் சாமான்!" என்றான் அலகேசன்.

"சேறு இங்கயே கெடக்குதுங்களே" என்றாள் மயிலாத்தாள்.

"சேத்துக்கு யாராச்சும் உத்தரவாதம் தருவாங்களா? இதுக்குத் தர்றாங்க. கையெழுத்துப் போட்டு!"

முட்டை நெருங்கிவிட்ட நேரம். புருஷனோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. சரி என்றுவிட்டாள்.

கம்பெனி முதலாளியான மரங்கொத்தி கொத்தலிங்கம் தானே நேரில் வந்து கதவை மாட்டினார். மயிலாத்தாள் பொந்துக்குள் போய் உட்கார்ந்தாள். டொக், டொக், டொக். கதவு மூடியது. அலகு நீட்ட விட்ட கீறலைத் தவிர எறும்பு நுழைய இடமில்லை, அத்தனை கச்சிதம்.

"மூடறதுல நம்ம கதவை அடிச்சுக்க ஆறு காட்டுலயும் ஆள் கிடையாது சார்" என்று சொல்லிவிட்டுக் கொண்டையைத் தடவிக்கொண்டு போனார். திறப்பதைப் பற்றி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அலகேசன் பிற்பாடுதான் யோசித்தான்.

முட்டை பொரிந்தது. ஒரு குஞ்சு. அலகேசன் நாளுக்குப் பத்து நடை போய்ப் பழம் கொண்டுவந்தான். குஞ்சு ஊதிக்கொண்டே வந்தது. வைகாசி பிறந்தது. மயிலாத்தாள் உள்ளேயிருந்து கதவை ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங்க, தெறக்கலீங்க."

"படாருன்னு தட்டோணும் அம்மணி."

"தட்டிட்டேன், ஒதைச்சிட்டேன், ஒங்க கொழந்தையைத் தூக்கி மோதியும் பாத்துட்டேன். உடைச்சுப் போடட்டுங்களா?"

 அலகேசன் உத்தரவாத இலையைத் தேடி எடுத்து வாசித்தான்: 'வாங்கியவர் கதவைக் கொத்தினாலோ, உடைத்தாலோ, அதனிடம் கடுமையாகப் பேசினாலோ இந்த உத்தரவாதம் செல்லாது.'

"தொட்டுறாத! அதுகிட்டப் பேசக்கூடப் பேசாத!" என்று கத்தினான். "நமக்குச் சட்டம் இருக்குது. பிரிவு நாலு, கொறை இருந்தா நியாயம் கேக்கலாம்!"

பெண்டாட்டி பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்ட கவலை அவனுக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. மனப்பாடம் செய்தது வீண் போகவில்லை.

கருமலைக் காட்டு நீதிபதி ஒரு காட்டெருமை. பெயர் நஞ்சப்பர். எதையும் இரண்டு தடவை மென்றுதான் முடிவு சொல்வார். அலகேசன் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை மென்றார்.

"கதவு எங்க செஞ்சது?"

"வெள்ளாற்றுக் காடுங்க."

இன்னொரு தடவை மென்றார். "செஞ்ச காட்லதான் கேக்கோணும். போ."

வெள்ளாற்றுக் காடு ஒரு பகல் தூரம். அங்கே நீதிபதி ஒரு நாரை அம்மாள். ஒற்றைக் காலில் நின்றபடி மனுவைப் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்கள் கருமலையிலிருந்தா வருகிறீர்கள்? இவ்வளவு தூரமா?"

"ஆமாங்க."

"அநியாயம்! நுகர்வோர் அலையக்கூடாது என்றுதானே, அவரவர் காட்டிலேயே வழக்குப் போடுகிற உரிமையைக் கொடுத்திருக்கிறோம். அந்த உரிமையை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வராது."

"பரவால்லீங்க, நீங்க பிடுங்குங்க. வந்தது வந்துட்டேன்."

"மாட்டேன்" என்றார் நாரை அம்மாள் உறுதியாக. "உங்களை அலையவிட்ட பாவம் எனக்கு வேண்டாம். திரும்பிப் போங்கள்."

திரும்பினான். வழியில் நாலு அத்திப்பழம் பறித்துக்கொண்டு பொந்துக்குப் போனான்.

"என்னங்க ஆச்சு?" என்று கீறல் வழியாக மயிலாத்தாள் கேட்டாள்.

"ரொம்ப மரியாதையா நடத்துனாங்க அம்மணி."

"குஞ்சோட காலு என் கழுத்துல இருக்குது. என் வாலு எங்க இருக்குதுன்னே தெரியலீங்க. பழத்தைக் கொறைச்சுக் குடுங்க."

குறைத்துக் கொடுத்தான். குஞ்சு கத்திய கத்தலில் பக்கத்து மரத்து மந்திகள் வந்து எட்டிப் பார்த்தன. மறுபடி நிறையக் கொடுத்தான். குஞ்சு இன்னும் பெருத்தது. இப்படியே ஒரு வாரம் போனது.

நாரை அம்மாள் சொன்னதைக் கேட்டதும் நஞ்சப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. வழக்கை எடுத்துக்கொண்டார். கொத்தலிங்கத்துக்காக ஓர் உடும்பு வக்கீல் வந்து, நீதிபதி மேசையை நாலு காலாலும் பிடித்துக்கொண்டது. பேசி முடிக்கும்வரை விடவில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, இந்தச் சட்டம் யாருக்கு? நுகர்வோருக்கு. நுகர்வோர் என்றால் யார்? நுகர்கிறவர். நுகர்தல் என்றால் என்ன? முகர்தல், மோந்து பார்த்தல். எங்கள் கட்சிக்காரரின் கதவோ வாசனை அறவே இல்லாதது. விளம்பரத்திலேயே இருக்கிறது. வாசனை இல்லாததை யாராலும் நுகர முடியாது. ஆகவே வாதி நுகர்வோரே அல்ல."

நஞ்சப்பர் மென்றார். மறுபடி மென்றார். மூன்றாவது தடவையும் மென்றார். அப்படி அவர் மென்றதைக் கருமலையில் யாரும் பார்த்ததில்லை.

"ஏப்பா, நீ அந்தக் கதவை மோந்து பாத்தியா?" என்று அலகேசனைக் கேட்டார்.

"பாத்தேனுங்க. ஒண்ணும் வரலீங்க."

"பாருங்கள்!" என்று உடும்பு மேசையை இன்னும் இறுக்கியது. மேசையில் ஒரு விரிசல் விழுந்தது.

"இது என் மண்டைக்கு மீறுன சமாச்சாரம்" என்றார் நஞ்சப்பர். "நுகர்வோர்னா ஆறு காட்டுக்கும் சேத்து என்ன அர்த்தம்னு பெருமன்றந்தான் சொல்லோணும். கேட்டு எழுதிப் போடறேன். நீ நேர்ல போயிரு."

பெருமன்றம் என்பது ஆறு காடுகளுக்கும் மேலான நீதிமன்றம். எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லாத மொட்டைப்பாறையின் உச்சியில் அது கூடும். அங்கே மரம் கிடையாது, நிழல் கிடையாது. நிழல் இருந்தால் அது ஏதாவது ஒரு காட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிடும், நடுநிலைமை கெட்டுவிடும் என்று வைக்கவில்லை. தலைமை நீதிபதி வேழநாயகி என்கிற யானை. அவர் சொல்வதை ஒரு மைனா ஆறு மொழிகளில் சொல்லும். தவளை மொழிக்கு மட்டும் மழை பெய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

நல்ல வேளையாக அன்று தூறல் போட்டது. அலகேசன் அலகைத் தாழ்த்தி வணங்கிவிட்டு, வழக்கை ஒரே மூச்சில் சொன்னான். வேழநாயகி காதுகளை விரித்துக் கேட்டார்.

"மிக முக்கியமான வழக்கு. இப்படி ஒரு வழக்குக்காகத்தான் இந்தப் பாறையில் முப்பது வருஷமாக வெயில் காய்கிறோம். ஆனால் இங்கே நேரடியாகவும் தனிப்படவும் பாதிக்கப்பட்டவர் மட்டுமே பேசலாம். நீங்கள் உள்ளேயா மாட்டியிருக்கிறீர்கள்?"

"இல்லீங்க, என்ற சம்சாரம்."

"அவர் வரட்டும்."

"அவ வர முடியாதுங்களே. கதவு தெறக்கலீங்க."

"அது வழக்கின் சாரம். சாரத்துக்குள் இப்போதே போகக்கூடாது. முதலில் அவர் வரட்டும்."

"தெறந்தாத்தானுங்க வர முடியும்?"

"வந்தால்தானே திறக்கச் சொல்ல முடியும்?" என்றார் வேழநாயகி. கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார்.

மைனா பக்கத்தில் வந்து ஒரு யோசனை சொன்னது. மனைவி ஓர் இலையில் நகக்குறி வைத்து, புருஷனுக்கு அதிகாரம் கொடுக்கலாம். ஆனால் குறி வைக்கும்போது அவருடைய முழு உருவத்தையும் பார்த்ததாக இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். கீறல் வழியாக அலகு தெரியும், ஒரு கண் தெரியும். முழு மயிலாத்தாளைப் பார்க்க வேண்டுமானால் சாட்சிகள் பொந்துக்குள் இருக்க வேண்டும். சாட்சிகள் உள்ளே போக வேண்டுமானால் கதவு...

அலகேசன் பாறையிலிருந்து எழும்பிப் பறந்தான். ரயில் சத்தம் வரவில்லை. நைந்த துணியை உதறுகிற சத்தந்தான் வந்தது. பலகையில் இருந்த ஒவ்வொரு வரியும் அவனுக்கு இன்னும் மனப்பாடமாகத்தான் இருந்தது. ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் கோபித்துக்கொள்ளலாம்.

பொந்துக்கு வந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னான். சொல்லி முடித்ததும், "நான் கெட்டிக்காரன்னு நெனச்சு ஒன்னைக் கொண்டுபோய் உள்ள போட்டுட்டேன் அம்மணி" என்றான். அலகு மரப்பட்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

மயிலாத்தாள் கீறலில் ஒரு கண்ணை வைத்தாள்.

"நானே நேர்ல வரோணும்னாங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"ஆமா."

"நேர்ல வரோணும்னா வெளிய வரோணும்."

"ஆமா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அம்மணி, வேண்டாம்! உத்தரவாதம்..."

முதல் கொத்தில் கதவில் ஓட்டை. இரண்டாவது கொத்தில் பாதிக் கதவு. மூன்றாவது கொத்துக்குக் கதவே மிச்சமில்லை. மயிலாத்தாள் வெளியே வந்தாள். அவள் பின்னால் குஞ்சு வந்தது. அதற்கு முன்னால் அதன் வயிறு வந்தது. மயிலாத்தாள் ஒவ்வொரு இறகாக நீட்டினாள். மடங்கிக் கிடந்த வாலை உதறினாள். நாலு மாதம் பார்க்காத வானத்தைப் பார்த்து ஒரு கூப்பாடு போட்டாள். கருமலை முழுக்கக் கேட்டது. அலகேசனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, விக்கல் பிடித்துக்கொண்டது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மயிலாத்தாளுக்கு நாலு மாதக் கோபம் பாக்கியிருந்தது.

"எங்கீங்க அந்தப் பாறை?"

மூன்று பேரும் மொட்டைப்பாறைக்குப் பறந்தார்கள். குஞ்சு பாதி வழி பறந்தது, மீதி வழி விழுந்தது. மயிலாத்தாள் வேழநாயகியின் முன்னால் போய் நின்றதும் பெருமன்றமே எழுந்து நின்றுவிட்டது. ஒரு நுகர்வோர் நேரில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"எப்படி அம்மா வந்தீர்கள்?" என்று வேழநாயகி தழுதழுத்தார்.

"கதவை உடைச்சுப் போட்டு வந்தேனுங்க."

"அப்படியானால் கதவு திறந்துவிட்டது!" என்று உடும்பு கத்தியது. "குறையே இல்லை!"

"மூணு கொத்துக்குத் தாங்கல" என்றாள் மயிலாத்தாள். "அது கொறைதானுங்க?"

உடும்பு நாலு காலாலும் எதையோ துழாவியது. பிடித்துக்கொள்ளப் பாறையில் மேசை இல்லை.

பதினோரு நாள் யோசித்து, நானூறு தேக்கிலையில் வேழநாயகி தீர்ப்பு எழுதினார். மைனா வாசித்தது. நுகர்வோர் என்றால் மோந்து பார்க்கிறவர் மட்டுமல்ல, மூக்கடைத்தவரும் நுகர்வோரே. ஆறு காடுகளிலும் எந்தச் சிறு பிராணியும் எந்தப் பெரிய கம்பெனியையும் எதிர்த்து இந்தப் பாறைக்கு வரலாம். திறக்காத கதவு கதவே அல்ல. முயல்கள் கட்டிப்பிடித்து அழுதன. மந்திகள் குட்டிக்கரணம் போட்டன. பாம்புகள் கைதட்ட முடியாமல் தவித்தன. எல்லோரையும்விட அதிகமாக அழுதது அலகேசன். "பிரிவு நாலு, பிரிவு நாலு" என்று பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றியைத் தழுவிக்கொண்டான். அப்புறம் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே மீதியைக் கேட்டான்.

மீதியில்தான் உத்தரவு இருந்தது.

'கம்பெனி குறையுள்ள கதவுக்குப் பதில் புதிய கதவு தர வேண்டும். அதோடு நின்றால் நியாயம் பாதிதான். கதவின் குறை தெரிவதற்கு முன்பு நுகர்வோர் எந்த நிலையில் இருந்தாரோ, அதே நிலைக்கு மீட்கப்பட வேண்டும். ஆகவே திருமதி மயிலாத்தாளைப் பொந்துக்குள் வைத்துப் புதிய கதவை மாட்டுமாறு உத்தரவிடுகிறோம். இத்தீர்ப்பு ஆறு காடுகளிலும் செல்லும்.'

கொத்தலிங்கம் ஓடிவந்து அலகேசனின் சிறகைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார்! தீர்ப்புக்குத் தலை வணங்குறோம். உங்களுக்குன்னு புது மாடல் தயார். பழசைவிட மூணு மடங்கு பலம். கொத்தவே முடியாது."

மயிலாத்தாள் புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, நாம கெலிச்சுட்டமுங்களா?"

"கெலிச்சுட்டோம் அம்மணி" என்றான் அலகேசன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்பப் பறங்க."

பறந்தார்கள். கருமலையில் கீழே இறங்கக்கூட இல்லை. வெள்ளாற்றுக் காட்டில் நாரை அம்மாள் ஒற்றைக் காலில் தத்தியபடி, "உங்கள் உரிமை! உங்கள் உரிமை!" என்று கூப்பிட்டுக்கொண்டே துரத்தினார். மூன்றாவது காட்டில் மரத்துக்கு மரம் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'வெற்றி பெற்றவர் தேடப்படுகிறார்.' நாலாவது காட்டில் குஞ்சுக்கு ஒழுங்காகப் பறக்க வந்துவிட்டது. துரத்தல் இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் கற்றிருக்காது என்று மயிலாத்தாள் பின்னால் சொன்னாள்.

தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பை மன்றம் ஓர் ஆமையிடம் கொடுத்திருந்தது. மன்றத்து அமீனா. கையில் லஞ்சம் வாங்காதவர், வழியில் உட்காராதவர். புதிய கதவை ஓட்டின் மேல் கட்டிக்கொண்டு, நானூறு தேக்கிலையையும் இழுத்துக்கொண்டு, காடு காடாக நடந்தார். எதிரில் வந்த எல்லோரிடமும், "இந்தப் பக்கம் நியாயம் கெடச்ச அம்மா யாரையாச்சும் பாத்தீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

கார்த்திகை மாதம் ஐந்தாவது காட்டில், ஒரு பெரிய ஆலமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். மேலே மூன்று இருவாச்சிகள் பழம் தின்றுகொண்டிருந்தன. ஆமைக்குத் தலையை அவ்வளவு நிமிர்த்த முடியாது. அடிமரத்தைத் தட்டினார்.

"வீட்ல யாருங்க?"

அலகேசன் பழத்தை விழுங்காமல் நின்றான். வாழ்நாளில் அவன் ஒரு பொய் சொன்னதில்லை. அரசு ஆளிடம் என்றால் வாய்தா கேட்பதற்குக்கூட வெட்கப்படுகிற ஜாதி. மயிலாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. வெயிலில் வாலை விரித்துக் கோதிக்கொண்டிருந்தாள். அந்த வால் இப்போது நேராகிவிட்டிருந்தது.

"யாருமில்லீங்க!" என்று அலகேசன் கீழே பார்த்துக் கத்தினான்.

"அப்பப் பேசறது யாரு?"

"அவரும் இல்லீங்க!"

ஆமை கொஞ்சம் யோசித்தார். ஓர் இலையை உருவி, 'முகவரியில் ஒருவரும் இல்லை. இல்லாதவர் தாமே உறுதி செய்தார்' என்று குறித்துக்கொண்டார். கதவை ஓட்டின் மேல் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டு, ஆறாவது காட்டைப் பார்த்து நடந்தார்.

நீதி: நீதி வாசலுக்கே வந்து கூப்பிட்டால், வீட்டில் யாருமில்லை என்று நீங்களே சத்தமாகச் சொல்லிவிடவும்.